கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே

பிரேம் கடையில் பீடிங்கின் நிறத்தையும் அகலத்தையும் தேர்ந்து முடித்ததும், அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கடைக்காரர் கேட்பார்: "மவுண்ட் வைக்கணுமா, அப்படியே போட்டுடலாமா?" பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். மவுண்ட் வைத்தால் சட்டம் பெரிதாகும், சட்டத்துக்கோ அடிக்கணக்கில் காசு. அதே காசில் படத்தையே பெரிதாகப் போட்டிருக்கலாமே என்ற ஆதங்கமும் சேர்ந்துகொள்ளும். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒன்றுமே இல்லாத வெள்ளை அட்டைக்குப் பணம் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

நானும் பல வருடம் வேண்டாம் என்று சொன்னவன்தான். சொந்தப் படங்களை அச்சிட்டு விற்கத் தொடங்கிய பிறகே அந்த அட்டை என்ன வேலை செய்கிறது என்று தேடிப் பார்த்தேன். புகைப்படக் கலைக்கு எவ்வளவு வயதோ ஏறக்குறைய அவ்வளவு வயது இந்தக் கேள்விக்கும் இருக்கிறது. கேள்வி இதுதான்: படத்தை அட்டையில் ஒட்டிவிடுவதா, ஒட்டாமல் தாங்கிப் பிடிப்பதா? ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறது. அடுத்த தலைமுறை வந்து அதைப் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊரில் மவுண்ட் என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைக் குறிக்கிறது. படத்தை ஓர் அட்டையின்மேல் நிறுத்துவதும் மவுண்ட்; ஜன்னல் போல வெட்டிய அட்டையைப் படத்தின்மேல் வைப்பதும் மவுண்ட். அமெரிக்கர்கள் இரண்டாவதை மேட் என்று தனியாகச் சொல்வார்கள். நமக்கு ஆங்கிலேயர் வழக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இந்தக் கட்டுரையில் மேலே வருவதை ஜன்னல் அட்டை என்றும் கீழே இருப்பதைப் பின்னட்டை என்றும் சொல்கிறேன். கடையில் போய் இப்படிச் சொன்னால் விழிப்பார்கள். அங்கே மவுண்ட் என்றே சொல்லுங்கள்.

ஜன்னல் அட்டையின் மூதாதை காகிதம்கூட இல்லை, பித்தளை. 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டகேரோடைப், வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மேல் படிந்த படம். விரல் பட்டால் அழியும், காற்றுப் பட்டால் கறுக்கும். அதனால் தகட்டின்மேல் நடுவில் வெட்டிய பித்தளைத் தகடு, அதன்மேல் கண்ணாடி, மூன்றையும் சேர்த்து ஓரத்தில் காகிதப் பட்டை ஒட்டி மூடினார்கள். பித்தளைக்கு வளைவும் பூவேலையும் கொடுத்தது அழகுக்காக. அதை வைத்ததே கண்ணாடி படத்தின்மேல் படாமலிருக்கத்தான். இன்று மவுண்ட் போர்டு செய்யும் முதல் வேலையும் அதுவே. சாதாரண மவுண்ட் போர்டின் கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அந்த ஒன்றரை மில்லிமீட்டர் காற்றுக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

பிறகு காகிதப் படம் வந்தது, ஒட்டும் வழக்கமும் கூடவே வந்தது. 1850இல் பிரான்சின் பிளாங்கார் எவ்ரார் அறிமுகப்படுத்திய அல்புமென் தாளில், மெல்லிய காகிதத்தின்மேல் முட்டை வெள்ளைக்கருவைப் பூசியிருப்பார்கள். காய்ந்ததும் அப்பளம் போலச் சுருண்டுகொள்ளும். அட்டையில் ஒட்டாமல் அதைக் கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது. ஆகவே மாவுப் பசை தடவி அட்டையில் ஒட்டி, உருளையில் கொடுத்து அழுத்தினார்கள். அன்றைக்கு இதில் வேறு வழியே கிடையாது.

இந்தக் கட்டாயத்திலிருந்து ஒரு வியாபாரமே கிளம்பியது. 1854இல் பாரிஸின் திஸ்தேரி 'கார்த் த விசித்' என்ற சிறு படத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அட்டையின் அளவு ஏறத்தாழ இரண்டரைக்கு நான்கு அங்குலம். 1860களில் அதைவிடப் பெரிய கேபினட் கார்டு வந்தது, நாலேகாலுக்கு ஆறரை. எந்த ஊர் ஸ்டூடியோவில் எடுத்தாலும் அட்டை ஒரே அளவு என்பதால், அதற்கேற்ற ஆல்பங்களும் சட்டங்களும் பெருகின. படங்களும் லட்சக்கணக்கில் விற்றன. படம் விற்பவருக்கு நான் சொல்லக்கூடிய முதல் பாடம் இதுதான், பிறகு திரும்ப வருகிறேன்.

சென்னை மாகாணத்திலும் இதே ஒட்டல்தான். 1856இல் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று சுற்றி எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வந்தன. அச்சு இயந்திரத்தில் புகைப்படத்தை அச்சிடும் வழி பழகாத காலம். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே கையால் எடுத்து, ஓரம் நறுக்கி, பக்கத்தில் ஒட்டியே புத்தகமாக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களைப் பக்கம் பக்கமாக இணைத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார் டிரைப். அதை எடுத்ததற்குச் சமமான சாதனை அதை ஒட்டியது என்று நினைப்பவன் நான். ஒரு படம் ஒரு நூலிழை விலகினாலும் அடுத்த இருபதும் கோணிக்கொள்ளும்.

ஸ்டூடியோக்கள் பெருகியபோது அட்டை விளம்பரப் பலகையாகவும் ஆனது. படத்தின் கீழே பொன்னெழுத்தில் கடைப்பெயர், ஊர். பின்பக்கம் பதக்கங்களும் கொடிகளும். அதனால்தான் பழைய குடும்பப் படத்தை அட்டையிலிருந்து உரித்தெடுப்பது பெரும் பிழை. யார், எங்கே, ஏறக்குறைய எந்தக் காலத்தில் எடுத்தார்கள் என்பதற்குப் பல நேரம் அட்டை ஒன்றே சாட்சி. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி எண்மப்படுத்தியிருக்கிறது. அப்படிப்பட்ட வேலையில் அட்டையின் முதுகு படத்தின் முகத்துக்குச் சமம்.

ஆனால் அந்த அட்டையே படத்துக்கு எமனாகவும் வந்தது. மேலும் கீழும் நல்ல தாள், நடுவில் மலிவான மரக்கூழ். மரக்கூழில் லிக்னின் உண்டு. அது பழுத்து அமிலமாகும், அட்டை பிஸ்கட் போலப் பொடியும். அட்டை முறிந்தால் அதோடு ஒட்டியிருக்கும் படமும் முறியும். மூலையில் உடைந்து ஆளின் தோளோடு பிய்ந்துபோன தாத்தா பாட்டி படங்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. பசையின்மேலும் கரையானின்மேலும் பழி போடுகிறோம். உண்மையில் தன் எடையைத் தாங்க முடியாமல் அட்டையே விழுந்திருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸைச் சுற்றியிருந்த கூட்டத்துக்கு மவுண்ட் வேறொரு பொருளாகத் தெரிந்தது. புகைப்படமும் ஓவியம் போலக் கலைதான் என்று நிரூபிக்கக் கிளம்பியவர்கள் அவர்கள். ஒரு படத்தின் கீழே சாம்பல் நிறத் தாள், அதன்கீழ் ஒரு நூல் அகலம் வெளியே தெரியும்படி பழுப்பு, அதன்கீழ் இன்னொன்று என்று மூன்று நான்கு நிறங்களை அடுக்கினார்கள். 1905இல் ஐந்தாம் அவென்யூவில் திறந்த அவர்களுடைய சிறு கூடத்தில் அப்படிப்பட்ட படங்கள் தொங்கின. கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்குத் தோன்றும், பட்டுப்புடவைக்கு மூன்று கரை வைத்ததுபோல. ஆனாலும் படம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதை யோசித்தே வைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களே.

அவர்களுக்குப் பின்வந்தவர்கள் அந்த அலங்காரத்தையெல்லாம் உதறினார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் முறையை ஒரு தலைமுறையே பின்பற்றியது. படத்தின் வெள்ளை ஓரத்தை முழுக்க நறுக்கிவிடுவது. அகலமான வெள்ளை அட்டையின்மேல் சூட்டில் ஒட்டுவது. படத்துக்குக் கீழே அட்டையில் பென்சிலால் கையெழுத்துப் போடுவது. இந்தச் சூட்டு ஒட்டலுக்கு டிரை மவுண்டிங் என்று பெயர். படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு தாளை வைத்துச் சூடான அழுத்தியில் கொடுத்தால் தாளிலுள்ள பசை உருகிப் பிடித்துக்கொள்ளும். தொடக்க காலத்தில் அந்தத் தாளில் பூசியது நம் பழைய அரக்கு. பிறகு செயற்கைப் பசைகள் வந்தன.

டிரை மவுண்டிங்கைத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. அதன் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். படம் கண்ணாடித்தகடு போலத் தட்டையாக நிற்கும், நெளிவே இருக்காது. பளபளப்பான படத்தில் சிறு நெளிவும் விளக்கொளியைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும் என்பதால் இது சின்ன லாபமில்லை. தண்ணீர் கலந்த பசையே இல்லாததால் ஈரத்தின் தொல்லை கிடையாது. நடுவிலிருக்கும் அந்தத் தாள், அட்டையின் அழுக்கு படத்தின் முதுகுக்கு ஏறாமல் ஒரு தடுப்பாகவும் நிற்கிறது. நல்ல அட்டையில் ஒட்டிய ஆடம்ஸ் படங்கள் இன்றும் நன்றாகவே இருக்கின்றன.

ஆனால் அட்டையின் மூலை நசுங்கினால்? வெள்ளம் புகுந்தால்? அட்டையில் பழுப்புப் புள்ளி வந்தால்? பிரிக்க வழியில்லை. 1970களில் புகைப்படங்களுக்கு ஏலச்சந்தை உருவாகி, ஒரு படம் ஒரு வீட்டின் விலை பேசத் தொடங்கியதும், ஓவியங்களையும் பழஞ்சுவடிகளையும் பார்த்துப் பழகிய காகிதப் பாதுகாப்பாளர்கள் உள்ளே வந்தார்கள். அவர்கள் தொழிலில் முதல் விதி, இன்று செய்வதை நாளை ஒருவர் அவிழ்க்க முடிய வேண்டும் என்பது. அந்த விதிப்படி டிரை மவுண்டிங் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. இன்று கலைப் படங்களின் சந்தையில், ஒட்டாத படத்துக்கே பெரும்பாலும் மதிப்பு. ஆடம்ஸ், அவர் காலத்து எட்வர்ட் வெஸ்டன் போன்றோரின் படங்களுக்கு விலக்கு. அவற்றில் அட்டையும் படைப்பின் பகுதி, கையெழுத்தே அதன்மேல்தான் இருக்கிறது.

இதே காலத்தில் இன்னொரு விபத்தும் நடந்தது. பிளாஸ்டிக் பூசிய தாள்கள், கடைக்காரர் மொழியில் ஆர்.சி. பேப்பர், புழக்கத்துக்கு வந்தன. சீக்கிரம் காயும், சுருளாது. ஆனால் சட்டம் போட்டு மாட்டிய கறுப்பு வெள்ளைப் படங்களில் சில ஆண்டுகளில் ஆரஞ்சுப் புள்ளிகளும் வெள்ளிப் பூச்சு போன்ற மினுக்கமும் தெரிந்தன. பெட்டிக்குள் கிடந்த அதே படங்கள் நன்றாக இருந்தன. காரணம், தாளை வெள்ளையாக்கப் பிளாஸ்டிக்கில் கலந்த டைட்டானியம் டைஆக்சைடு. அது ஒளி பட்டதும் ஆக்சிஜனேற்றப் பொருள்களை உண்டாக்கியது, கண்ணாடிக்குள் அவை வெளியேற வழியில்லாமல் படத்தின் வெள்ளியையே தின்றன. தாள்கள் பிறகு திருத்தப்பட்டன. கலர் படங்களின் ஆயுளைப் பற்றி ஹென்றி வில்ஹெல்ம் 1993இல் வெளியிட்ட தடித்த நூல் இந்த வரலாற்றையெல்லாம் விரிவாகச் சொல்கிறது. சட்டம் என்பது வெறும் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அதோடு போனது. அது மூடிய சிறு அறை. உள்ளே எதை வைக்கிறோமோ அதுவே படத்துக்கு மூச்சுக்காற்று.

நம் கடற்கரை ஊர்களில் அந்த அறைக்குள் இன்னொன்றும் புகும். நாகப்பட்டினத்தில் என் தாத்தாவின் படம் கூடத்துச் சுவரில் முப்பது வருடத்துக்கு மேல் மாட்டியிருந்தது. மவுண்ட் கிடையாது, படத்தின்மேல் நேராகக் கண்ணாடி. சட்டம் செல்லரித்துவிட்டதே என்று மாற்றக் கொண்டுபோனோம். கடையிலிருந்த பையன் கண்ணாடியை நெம்பினான். தாத்தாவின் நெற்றியும் ஒரு கண்ணும் கண்ணாடியோடு வந்துவிட்டன. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. புகைப்படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின், ஈரம் ஏறினால் ஊறி இளகும் பொருள். ஐப்பசி கார்த்திகையில் ஊறிக் கண்ணாடியில் படிந்து, சித்திரை வெயிலில் காய்ந்து இறுகும். முப்பது சுற்றில் கண்ணாடியும் படமும் ஒன்றாகிவிடும். இப்படி ஒட்டிக்கொண்ட படத்தை யாரும் வீட்டில் உரிக்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, கண்ணாடியோடு சேர்த்தே பத்திரப்படுத்துவதுதான் வழி. இதை நான் அறிந்தது அந்த நெற்றி போன பிறகு.

ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

சரி, எந்த அட்டை? கடையில் எல்லாவற்றுக்கும் 'ஆசிட் ஃப்ரீ' என்று ஒரு முத்திரை இருக்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மரக்கூழ் அட்டையிலும் கால்சியம் கார்பனேட்டைக் கலந்துவிட்டால் விற்கும் நாளில் அமிலம் இருக்காது. உள்ளேயுள்ள லிக்னின் தன் வேலையைத் தொடங்கி அந்தச் சுண்ணாம்பு தீர்ந்ததும் கதை மாறும். லிக்னின் நீக்கிய அட்டை, அதைவிட மேலாகப் பஞ்சு இழையால் ஆன காட்டன் ராக் அட்டை ஆகியவையே நெடுநாள் தாங்கும். சோதனைக்கூடம் வேண்டாம், ஜன்னலின் சரிவு வெட்டைப் பாருங்கள். வெட்டிய இடத்தில் அட்டையின் உள்வெள்ளை தெரியும். மலிவான அட்டையில் இரண்டொரு ஆண்டில் அந்த வெள்ளை டீத்தூள் நிறத்துக்குப் போகும். அதே பழுப்பு, படத்தின் ஓரத்தில் சூடுபோட்ட கோடாக விழும்.

புகைப்படத்துக்கு அமிலம் மட்டும் எதிரியில்லை என்பதால் இன்னொரு சோதனையும் உண்டு. 1985இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் தொடங்கிய பட நிலைப்பு ஆய்வு நிறுவனம் இதில் முன்னோடி. அட்டையையோ பசையையோ, வெள்ளி படிந்த உணர்தாளோடு சேர்த்து, 70 டிகிரி வெப்பத்திலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் 15 நாள் அடைத்துவைப்பார்கள். வெள்ளி மங்குகிறதா, கறை விழுகிறதா என்று பார்ப்பார்கள். பேட் என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தச் சோதனையே இன்று ஐ.எஸ்.ஓ. 18916 என்ற பன்னாட்டுத் தரம். அட்டை வாங்கும்போது ஆசிட் ஃப்ரீ முத்திரையைவிட இதைக் கேட்பது நல்லது. சுண்ணாம்பு கலந்த அட்டை எல்லாப் படத்துக்கும் ஆகாது என்று முன்பு எச்சரித்தார்கள். இப்போது அந்தப் பயம் பெரிதும் தணிந்துவிட்டது. நீல நிற சயனோடைப் படத்துக்கு மட்டும் கண்டிப்பாகச் சுண்ணாம்பு கலக்காத அட்டை வேண்டும், காரத்தில் அதன் நீலம் வெளுத்துவிடும்.

ஒட்டாமல் தாங்குவது எப்படி என்பதுதான் பலருக்கும் புதிர். விடை, மேலிருந்து தொங்கவிடுவது. படத்தின் முதுகில், மேல்விளிம்பில் மட்டும், இரண்டு சிறு காகிதக் கீல்கள். காகிதம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். மேலே மட்டும் பிடித்திருந்தால் கீழும் பக்கமும் தாராளமாக விரிய இடமுண்டு. நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கினால் விரிய இடமில்லாமல் நடுவயிறு புடைக்கும். படம் நெளிகிறது என்று இன்னும் கொஞ்சம் டேப் ஒட்டுவார்கள், இன்னும் கொஞ்சம் நெளியும். அந்த டேப்பும் பெரும்பாலும் செல்லோ டேப். சில ஆண்டுகளில் அதன் பசை கசிந்து மஞ்சளாகிப் படத்தின் முன்பக்கத்திலேயே தெரியும்.

கீலுக்கு ஜப்பானிய கோசோ தாள் சிறந்தது. நீண்ட இழை, மெல்லியது, கிழியாது. அதைக் கத்தரியால் வெட்டாமல், ஈரக் கோடு இழுத்துக் கையால் கிழிக்க வேண்டும். அப்போது விளிம்பில் இழைகள் மயிர் போல நீட்டிக்கொண்டு இருக்கும், முன்பக்கம் தடம் விழாது. பசை, கோதுமை மாவுச்சத்தைத் தண்ணீரில் காய்ச்சி வடிகட்டியது. இதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரும். நள்ளிரவில் சினிமா போஸ்டர் ஒட்டுபவரின் வாளியில் இருப்பதும் பெரிய அருங்காட்சியகத்தின் பீங்கான் கிண்ணத்தில் இருப்பதும் பங்காளிகளே. வேறுபாடு இரண்டு. அருங்காட்சியகத்தில் மாவிலுள்ள பசையத்தை நீக்கிவிடுவார்கள். போஸ்டர்காரரும் நம் பைண்டிங்காரரும் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அந்த மயில்துத்தம் காகிதத்துக்கு விஷம், அமிலத்தைக் கூட்டும். படத்துக்கென்று காய்ச்சினால் அது வேண்டாம். அன்றன்று தேவையான அளவு மட்டும் காய்ச்சுங்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

கீல் படத்தைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விதி. சட்டம் ஆணியிலிருந்து விழுந்தால் முதலில் அறுபட வேண்டியது கீல், படம் இல்லை. பசையே வேண்டாம் என்பவர்களுக்கு மூலைப் பைகள் இருக்கின்றன: பாலியெஸ்டரிலோ நல்ல தாளிலோ மடித்த முக்கோணங்கள். பழைய ஆல்பங்களில் கறுப்பு மூலை ஒட்டிப் படம் செருகினோமே, அதே யோசனைதான். படம் அசைய ஒரு மயிரிழை இடம் விட்டு ஒட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு வருவோம். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் படம் என்றால் ஜன்னல் ஏழேமுக்காலுக்குப் பதினொன்றேமுக்கால். நாலு பக்கமும் அரைக்கால் அங்குலம் படத்தின்மேல் ஏறி உட்காரும். கால், அரைக்கால், வீசம் என்று வாய்ப்பாடு படித்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு வெல்லம். அட்டையின் பின்பக்கம் பென்சிலால் கோடிட்டு, அளவுகோலை அழுத்திப் பிடித்து, 45 டிகிரி சாய்ந்த கத்தியால் பின்பக்கமாகவே வெட்ட வேண்டும். என் முதல் ஜன்னலில் கத்தியைக் கோட்டின் தவறான பக்கத்தில் ஓட்டிவிட்டேன். சரிவு உள்முகமாகத் திரும்பிக்கொண்டது, வெள்ளை விளிம்பே தெரியவில்லை, ஜன்னலும் கால் அங்குலம் பெரிதாகிப் படம் பொத்தென்று கீழே விழுந்தது. இரண்டாவதில் மூலையைத் தாண்டிக் கத்தி ஓடியது. மூன்றாவதில் பிளேடு மழுங்கி விளிம்பு பஞ்சாகப் பிரிந்தது. நாலைந்து வெட்டுக்கு ஒரு புதுப் பிளேடு, அடியில் ஒரு பழைய அட்டை, மூலை முழுதும் அறுபடாவிட்டால் இழுத்துப் பிய்க்காமல் சவரப் பிளேடால் தொட்டு விடுவிப்பது என்று கற்பதற்குள் ஒரு முழுத்தாள் அட்டை தீர்ந்தது. இப்போது கணினி வெட்டும் இயந்திரம் வைத்த கடைகள் இருக்கின்றன. அவற்றிடம் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஓரம் எவ்வளவு விடுவது என்பதில் ஆளுக்கொரு சாத்திரம். கீழ் ஓரத்தை மேல் ஓரத்தைவிட அரை அங்குலம் அகலமாக விடுவது பழைய வழக்கம். நாலும் சமமாக இருந்தால் படம் கீழே சரிந்திருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும் என்பார்கள். எனக்கு அது நின்றவாக்குப் படங்களில் பொருந்துகிறது, கிடைவாக்கில் அவ்வளவாக இல்லை. நிறத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன்: வெள்ளை, அதுவும் படத்தாளின் வெள்ளையைவிடச் சற்று மங்கல். பளீர் வெள்ளை அட்டைக்குள் பஞ்சுத்தாள் படத்தை வைத்தால் படம் பழையதாகத் தெரியும். புடவை நிறத்துக்கு மேட்சாக மவுண்ட் கேட்கும் கல்யாண வீட்டாருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்டதைச் செய்து கொடுத்துவிடுகிறேன்.

இன்று நம் ஊர்களில் விற்கும் படங்களில் பெரும்பகுதிக்கு இதெல்லாம் எட்டாத பேச்சு. லேமினேஷன்தான் ராஜா. படத்தை எம்.டி.எஃப். பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சூட்டில் அழுத்தி, ஓரம் சீவிக் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடி இல்லை, உடையாது, ஈரத்துணியால் துடைக்கலாம், விலையும் கம்மி. கண்காட்சிகளில் சன்போர்டு. பி.வி.சி. நுரைப்பலகையின்மேல் படத்தை ஒட்டி இரண்டு பக்க டேப்பால் சுவரில் பதித்துவிடுவார்கள். பத்து நாள் கண்காட்சிக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். அதையே 'ஆயுளுக்கும் இருக்கும்' என்று சொல்லி விற்பதுதான் தப்பு. எம்.டி.எஃப். அமில ஆவியை விடும், பி.வி.சி. முதுமையில் அமிலமாகச் சிதையும், இரண்டிலிருந்தும் படத்தைப் பிரிக்கவே முடியாது.

இதில் நம்மை மட்டும் நொந்துகொள்ள வேண்டியதில்லை. உலகின் விலையுயர்ந்த படங்களிலும் ஒட்டியவை உண்டு. 2011இல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போய் அன்றைய சாதனை படைத்த ஆந்த்ரியாஸ் குர்ஸ்கியின் 'ரைன் 2' படத்தின் முகமே அக்ரிலிக் பலகையோடு ஒட்டியிருக்கிறது. ஜன்னல் அட்டையும் இல்லை, இடைவெளியும் இல்லை. நிறங்கள் நீருக்கடியில் பார்ப்பதுபோல ஆழமாகத் தெரியும். ஒரு கீறல் விழுந்தால் பலகையை மட்டும் மாற்ற வழியில்லை. இதற்கு நேரெதிர்த் திசையில் போனவர் நம் நாட்டுப் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங். அவருடைய 'மியூசியம் பவன்' பெரிய மரக் கட்டமைப்புகள். அவற்றில் சட்டமிட்ட படங்களை எடுத்து மாற்றி மாற்றி வைக்கலாம். சட்டத்தையே இடம் மாறக்கூடிய ஒன்றாக ஆக்கியது அந்த யோசனை.

விற்பவருக்கு நான் சொல்வது சில. படத்தின் அளவு எதுவானாலும் மவுண்டின் வெளி அளவு, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டத்தின் அளவாக இருக்கட்டும். திஸ்தேரியின் பாடம் இதுதான். எட்டுக்குப் பன்னிரண்டு படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினாறு சட்டத்தில் வைத்தால் நாலு பக்கமும் இரண்டங்குலம், பன்னிரண்டுக்குப் பதினெட்டைப் பதினெட்டுக்கு இருபத்து நாலில் வைத்தால் மூன்றங்குலம். கணக்கு தானாகவே அமைகிறது. வாங்குபவர் வீட்டுக்குப் போய்ச் சட்டம் தேடி அலைந்தால் அந்தப் படம் பீரோவுக்கு மேலே போய்விடும். அவர் அடுத்த படம் வாங்க வர மாட்டார்.

கையெழுத்தை ஜன்னல் அட்டையில் போடாதீர்கள். ஆடம்ஸ் அட்டையில் போட்டார் என்றால் அவருடைய அட்டையும் படமும் பிரியாதவை. நீங்கள் கீலில் தொங்கவிடும் படத்துக்கு நாளை வேறு அட்டை வரும், பழைய அட்டை உங்கள் பெயரோடு குப்பைக்குப் போகும். படத்தின் வெள்ளை ஓரத்தில் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக் கையெழுத்து தெரியும்படி விடலாம். பஞ்சுத்தாளுக்குப் பென்சில் போதும். பிளாஸ்டிக் பூசிய தாளில் பென்சில் பிடிக்காது, நிறமி மை பேனா வேண்டும்.

இன்க்ஜெட்டில் அச்சிட்டவுடன் சட்டத்தில் அடைக்காதீர்கள். ஒரு கண்காட்சியில் விற்ற படத்தைப் பற்றி வாங்கியவர் மூன்றாம் வாரம் தொலைபேசியில், "கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடிச்ச மாதிரி இருக்குங்க" என்றார். மையிலுள்ள கிளைகால்கள் மெதுவாக ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருந்தன. அச்சிட்ட மறுநாள் மவுண்ட் போட்டுக் கொடுத்த என் அவசரம்தான் காரணம். படத்தின்மேல் சாதாரண வெள்ளைத்தாளை விரித்து ஒரு நாள் வைத்து, தாளை மாற்றி மறுபடி வைத்தால், ஆவியைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். இப்போது ஒரு வாரம் காயவிட்டே தொடுகிறேன்.

சட்டத்தின் முதுகில் கீழ்மூலைகள் இரண்டிலும் ரப்பர் குமிழ் ஒட்டுவது மறக்கக் கூடாத ஒன்று. மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஊறும், அந்தக் குமிழ்கள் தரும் இடைவெளியில் காற்று ஓடும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், மாவுப் பசையையும் ஜெலட்டினையும் தின்ன வெள்ளிமீன் பூச்சி வேறு வரும். பின்பக்கத்தை இடைவெளியில்லாமல் காகித டேப்பால் மூடிவிட்டால் பூச்சிக்கு வழி அடைபடும்.

எல்லாம் முடிந்து மூடுவதற்கு முன் பின்னட்டையில் பென்சிலால் நாலு வரி எழுதுகிறேன். எடுத்த இடம், எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, தாளின் பெயர். கடைசி வரி, என்றைக்கோ இதைப் பிரிக்கப்போகும் முன்பின் தெரியாத ஒருவருக்கு: "மேலே இரண்டு கீல். கோதுமைப் பசை. லேசாக ஈரம் காட்டினால் விடும்."